கேமரா காவல்

மவுஸைத் தூக்கி மேசையில் ஒரு தட்டுத் தட்டினார் டிரைவர். திரையில் நின்ற சிவப்புப் பெட்டி அசையவில்லை. இன்னொரு தட்டு. பெட்டிக்குள் இருந்த பூட்டுப் படம் லேசாக ஆடிவிட்டு மறுபடி நிமிர்ந்து நின்றது, கிண்டல் செய்வது போல.

"அது என்னங்க ஐயா பண்ணுச்சு, அதப் போட்டு அடிக்கிறீங்க?" என்றாள் நர்ஸ். கட்டில் ஓரமாகக் குனிந்து, படுத்திருந்தவளின் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"லாரி ஸ்டார்ட் ஆகலேன்னா ரெண்டு தட்டு தட்டுவோம். ஆயிடும்."

"இது லாரி இல்லீங்களே."

"தெரியுது. லாரியா இருந்தா இந்நேரம் எடுத்துருப்பேன்."

பெட்டியில் எழுதியிருந்ததை அவர் மறுபடியும் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'உங்கள் கேமரா காவல் காலாவதியாகிவிட்டது. உங்கள் பாதுகாப்புக்காகக் கேமரா பூட்டப்பட்டுள்ளது. உடனே புதுப்பிக்கவும்.' கீழே ஒரே ஒரு பட்டன்: புதுப்பி. வேண்டாம் என்று சொல்லப் பட்டனே கிடையாது. வேண்டாம் என்று ஒருத்தன் சொல்லக்கூடும் என்பதே அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. அல்லது நன்றாகத் தோன்றியிருக்கும். அதனால்தான் வைக்கவில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

கட்டிலில் கிடந்தவள் அவருடைய மனைவி. தெருவில் எல்லோருக்கும் டிக்கெட்டம்மா. சினிமாக் கொட்டகைக் கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தே வாழ்க்கையை ஓட்டியவள். கொட்டகைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, உடன் வேலை பார்த்தவர்கள் மிரண்டு போனார்கள். இவள் மட்டும் நாய்க்குட்டியைப் பழக்குவது போல அதைப் பழக்கி எடுத்தாள். ஓய்வு பெற்றதும் அவள் வாங்கிய முதல் பொருள் இந்தக் கம்ப்யூட்டர்தான். மூச்சு விடும்போது இப்போது அவள் நெஞ்சுக்குள் ஏதோ கொதிப்பது மாதிரி ஒரு சத்தம். காலையில் நர்ஸ் டிரைவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே சொன்னாள்: "சாயங்காலத்தத் தாண்டுறது கஷ்டங்க ஐயா. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க."

சொல்ல வேண்டியவன் ஒருத்தன்தான். அவன் ஜெயிலில் இருந்தான்.

டிரைவர் ஜெயிலுக்குப் போன் போட்டார். இரண்டு வருஷத்தில் அவர் அங்கே போட்ட முதல் போன் அது. அனுப்ப முடியாது, அனுமதி வாங்க நாளாகும் என்றார்கள். மூன்று மணிக்குக் கால் மணி நேரம் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச விடுகிறோம் என்றார்கள். வழக்கமாக அந்தம்மா பேசும் கம்ப்யூட்டரில்தான் வரும், பதிவு செய்தது அது ஒன்றுதான். நர்ஸ் தன்னுடைய போனில் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நடக்காதும்மா. இது என்ன, கல்யாண வீடியோவா?" என்றான் அந்தப் பக்கம் பேசியவன்.

அதனால் இந்தக் கம்ப்யூட்டர். இந்தக் கேமரா. இந்தப் பூட்டு.

"அந்த சாமானயே தூக்கிட்டா என்ன?" என்றார் டிரைவர்.

"தூக்கப் பாத்தேங்க ஐயா. பாஸ்வேர்டு கேக்குது. அம்மாவுக்குத்தான் தெரியும்."

"சரி, காசக் கட்டித் தொலைப்போம்."

"அதையும் பாத்தேன். கார்டு செல்லாதுன்னு வருது."

போன வாரம் வங்கிக்குப் போய், மேனேஜர் மேசை முன்னால் நின்று, அந்தக் கார்டை மூடச் சொன்னவர் டிரைவர்தான்.

நர்ஸ் தயங்கினாள். "என் கார்டப் போடலாம். ஆனா சம்பளம் வர்ற வரைக்கும் அது வெறும் பிளாஸ்டிக்குங்க."

விஷயம் இப்படி வளர்ந்தது. முதலில் வைரஸ் தடுப்பு என்று ஒன்று வாங்கினாள் டிக்கெட்டம்மா. ஒரு வருஷத்துக்கு என்று சொல்லித்தான் விற்றார்கள். வருஷம் முடிந்ததும் அவளைக் கேட்காமலே கணக்கிலிருந்து காசு போனது. பிறகு குடும்பக் காவல் என்று ஒன்று. வீட்டில் இருப்பது இரண்டு பேர்தான், அதில் ஒருத்தருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது. அதற்கும் காசு. பிறகு கேமரா காவல். யாரோ உங்களைக் கேமரா வழியாகப் பார்க்கிறார்கள் என்றானாம் கம்பெனிக்காரன். இந்தக் கிழவியை எவன் பார்க்கப் போகிறான் என்று டிரைவர் சத்தம் போட்டார். நிறுத்தச் சொல்லி அவரே கூப்பிட்டார். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, காத்திரு, பாட்டுக் கேள். கடைசியில் ஒருத்தன் வந்து, கணக்கு வைத்திருப்பவர்தான் பேச வேண்டும் என்பான். அவளிடம் போனைக் கொடுத்தால் வந்தது வினை. திட்டுவாள் என்று பார்த்தால், "உனக்கு மாசம் எத்தனை டார்கெட்டுப்பா? ஆச்சா, ஆகலையா?" என்று விசாரிப்பாள். பேசி முடித்து வைக்கும்போது இன்னொரு காவல் வாங்கியிருப்பாள்.

"உனக்குப் புத்தி கித்தி இருக்கா? திருடனுக்கு எவளாவது தேதி பாத்துச் சம்பளம் குடுப்பாளா?"

"சின்னப் பையங்க. நம்ம தம்பி மாதிரியே பேசுதுங்க."

அங்கேதான் டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் தம்பி தம்பி என்று கொஞ்சுவது மகனை. மகன் பார்த்ததும் இதே வேலைதான். பர்னிச்சர் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் நுழைந்துவிட்டது என்று ஊரில் உள்ள வயசானவர்களுக்கெல்லாம் போன் போட்டு மிரட்டுவது, காசைக் கறப்பது. போலீஸ் வந்தபோது முதலாளி எப்படியோ கம்பி நீட்டிவிட்டான். போன் பேசும் வரிசைக்குத் தலைவனாக உட்கார்ந்திருந்த மகன் மாட்டினான். அந்தக் கம்பெனி பொய்க் கம்பெனி, இது நிஜக் கம்பெனி, லைசன்ஸ் எல்லாம் இருக்கிறது என்பாள் டிக்கெட்டம்மா. டிரைவருக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அது பிடிபட்டது. இது பிடிபடவில்லை. அவ்வளவுதான்.

அவர் ஜெயிலுக்குப் போய் மகனைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் அவன் வருகிற நேரத்தில் டீக்கடைக்குப் போய்விடுவார்.

இப்போது திரையில் இருந்த உதவி எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தன் பட்டன் போனில் அழுத்தினார். பாட்டு வந்தது. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி பாட்டு.

"ஐயா," என்றாள் நர்ஸ். குரல் மாறியிருந்தது. "கொஞ்சம் இங்க வந்து உக்காருங்க. கையப் பிடிச்சுக்கோங்க."

"லைன்ல இருக்கேம்மா."

"மூச்சு விட்டு விட்டு வருதுங்க."

டிரைவர் திரும்பிப் பார்த்தார். கட்டிலை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். தலைக்கு மூன்று தலையணை. அவள் நெஞ்சு ஏறியது, இறங்கியது, அப்புறம் ஏறாமல் அப்படியே நின்றது. அவருக்கும் நின்றது. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவள் போல் ஒரு மூச்சை இழுத்தாள்.

போனைக் கீழே வைத்தால் வரிசை போய்விடும். மறுபடி முதலிலிருந்து ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. போனோடு போய் உட்காரலாம் என்றால், அது ஜன்னலோரம் சார்ஜரில் மாட்டியிருந்தது. வயர் கட்டில் வரை எட்டாது. சார்ஜரைப் பிடுங்கினால் அந்தப் போன் உயிரோடு இருக்காது.

"அவளுக்கு என் கை என்னத்துக்கு?" என்றார் டிரைவர். "அவ கேக்குறது அவன."

நர்ஸ் தானே அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பாட்டு நின்றது.

"வணக்கம்! உங்கள் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு. இந்த இனிய மதிய நேரத்துல நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

சின்னப் பையன்தான். டிரைவர் ஒரு வினாடி கண்ணை மூடிக்கொண்டார். மாடிப்படியில் ஏறிக்கொண்டே இதே இழுப்பில் மகன் இதைச் சொல்லிப் பழகியது காதில் விழுந்தது.

"தம்பி, இந்தக் கேமரா பூட்டத் திறந்து விடு. அவசரம்."

"நிச்சயமா ஐயா. கவலையே படாதீங்க. கணக்கு யார் பேர்ல இருக்குதுங்க?"

"என் வீட்டுக்காரம்மா பேர்ல."

"அம்மாகிட்ட ஒரு நிமிஷம் குடுக்க முடியுமா ஐயா? அவங்க குரல்ல உறுதி பண்ணணும்."

"அவளால பேச முடியாது. சாகக் கெடக்குறா."

பையன் எழுதி வைத்ததைப் படிக்கிற குரலில் சொன்னான்: "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுதுங்க ஐயா. அம்மா சீக்கிரம் குணமாகணும்னு வேண்டிக்கிறோம். புதுக் கார்டு ஒண்ணு இணைச்சீங்கன்னா உடனே திறந்துடும். இப்ப ரெண்டு வருஷத்துக்கு எடுத்தீங்கன்னா..."

"கார்டு இல்லடா."

"அப்படின்னா புகாரா பதிவு பண்ணிக்கிறேங்க ஐயா. எங்க மேலதிகாரி ஒரு வாரத்துக்குள்ள உங்களத் தொடர்புகொள்வாங்க."

"ஒரு வாரமா? மூணு மணிக்கு ஜெயில்ல இருந்து எம் மகன் வர்றான்டா, அவன் ஆத்தா மொகத்தப் பாக்க! ஒரு வாரங்கிற?"

"ஐயா, கெட்ட வார்த்தை பேசுனீங்கன்னா நான் லைன கட் பண்ண வேண்டியிருக்கும்."

"நான் எங்கடா கெட்ட வார்த்தை பேசினேன்? இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

நர்ஸ் கையைக் காட்டி அவரை அடக்கினாள். வேண்டாம் ஐயா, வைத்துவிடப் போகிறான் என்று வாயை மட்டும் அசைத்தாள்.

டிரைவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். இந்தப் பையனின் கையில் இருக்கும் தாளில் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கிறது. அழுதால் ஒரு பதில், திட்டினால் ஒரு பதில். அதை அவர் கேட்டிருக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் மகன் சமையலறை வாசலில் உட்கார்ந்து பாடம் படிப்பான். டிக்கெட்டம்மா வெங்காயம் அரிந்துகொண்டே வாடிக்கையாளராக நடிப்பாள். காசில்லை என்பாள், காது கேட்கவில்லை என்பாள், புருஷன் அடிப்பான் என்பாள். மகன் எதற்கும் அசர மாட்டான். ஒருநாள் அவள், "நான் செத்துப் போயிட்டேம்பா. இப்ப என்ன செய்வ?" என்றாள். மகன் தாளைப் புரட்டிப் பார்த்தான். "அதுக்கு மட்டும் பேரமே கிடையாதும்மா. செத்துட்டாங்கன்னு வீட்டுக்காரங்க சொன்னா உடனே எல்லாத்தையும் எடுத்துடணும். எங்க ஆபீஸ்ல மட்டும் இல்ல, எல்லாக் கம்பெனிலயும் அப்படித்தான். கேஸ் ஆயிடும்னு பயம்." அவள் சிரித்து மாளவில்லை. அறைக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர், என்ன பேச்சு இது, வாயைக் கழுவு என்று கத்தினார்.

"ஐயா, லைன்ல இருக்கீங்களா?"

டிரைவர் கட்டிலைப் பார்த்தார். அவள் கண்ணைத் திறந்திருந்தாள். காலையிலிருந்து மூடியே கிடந்த கண். பார்வை அவர் மேல்தான் இருந்தது.

"தம்பி," என்றார். முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். "கணக்கு வச்சிருக்கவங்க செத்துப் போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"ஐயா?"

"இறந்துட்டாங்க."

"ஐயா, இப்பத்தான் நீங்க..."

"இப்பத்தான். எழுதிக்கோ."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பையன் வேறொரு தாளுக்குப் போயிருந்தான். "எங்கள் நிறுவனத்தின் சார்பாக ஆழ்ந்த இரங்கலைத் தெரிவிச்சுக்கிறோம். நீங்க அவங்களுக்கு என்ன உறவுங்க ஐயா?"

"புருஷன்."

"நன்றிங்க ஐயா. இது பதிவாகுது. 'வாடிக்கையாளர் காலமாகிவிட்டார்'னு நீங்க உங்க வாயால முழுசா ஒரு தடவை சொல்லணும்."

டிரைவர் சொன்னார்.

"மன்னிக்கணுங்க ஐயா. சரியா விழல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

பஞ்சைப் பிடித்திருந்த நர்ஸின் கை அப்படியே நின்றது. டிரைவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எதிர் வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"வாடிக்கையாளர்," என்றார் அறை முழுக்கக் கேட்கும்படி. "காலமாயிட்டா. என் பொண்டாட்டி காலமாயிட்டா. போதுமா?"

அவருக்குப் பின்னால் அந்த மூச்சு பெரிதாக ஒரு கொதி கொதித்து இறங்கியது. போனில் பையன் பேச்சை நிறுத்தினான்.

"ஐயா... பின்னாடி அது என்ன சத்தம்?"

"ஃபேன்."

மறுபடி ஒரு மூச்சு. பையன் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கேட்கிறான் என்பது டிரைவருக்குத் தெரிந்தது.

"பழைய ஃபேனாங்க ஐயா?"

"ஆமாம்பா. ரொம்பப் பழசு."

"சரிங்க ஐயா," என்றான் பையன், மெதுவாக. தட்டும் சத்தம். "எடுத்துட்டேன். எல்லாத்தையுமே எடுத்துட்டேன். ஒரு நிமிஷம் பொறுங்க, அதுவே போயிடும்." வேறு எதையும் விற்காமல் வைத்துவிட்டான்.

திரையில் சிவப்புப் பெட்டி மங்கியது. அப்புறம் காணாமல் போயிற்று. கேமராவின் தலையில் பச்சையாக ஒரு புள்ளி எரிந்தது.

டிரைவர் கட்டில் பக்கம் வந்தார். அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. "காரியத்துக்காகச் சொன்னேன்," என்றார் கீழே பார்த்துக்கொண்டு. "நீ சொல்லிக்குடுத்ததுதான்." அவள் உதட்டோரம் லேசாக இழுத்தது. சிரிப்பா, வலியா என்று நர்ஸைக் கேட்க நினைத்தார். கேட்கவில்லை. கம்ப்யூட்டர் மணியடித்தது.

நர்ஸ்தான் பட்டனை அழுத்தினாள். வெள்ளைச் சுவரும் ஒரு இரும்பு நாற்காலியும் வந்தன. நாற்காலியில் மொட்டை அடித்த மாதிரி முடி வெட்டிய ஒருத்தன். டிரைவருக்கு அடையாளம் பிடிக்க ஒரு நொடி ஆயிற்று.

"அம்மா," என்றான் அவன். பிறகு, "அப்பாவா?"

"என்னப் பாக்காத. அவளப் பாரு."

டிக்கெட்டம்மாவின் தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. கன்னத்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, முகத்தைக் கேமரா பக்கம் திருப்பிப் பிடித்தார் டிரைவர். அவளை அப்படித் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"அம்மா, நான்தாம்மா. தெரியுதா?"

அவள் கண் திரைக்குப் போனது. அங்கேயே நின்றது. வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. மூச்சு மட்டும் வேறு மாதிரி வந்தது, யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

"தெரியுதுடா," என்றார் டிரைவர். "தெரியுது, பேசு."

மகன் அழுதான். பின்னால் நின்ற வார்டர் வேறு பக்கம் பார்த்தார். மகன் முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். "இப்ப என்னைய ரொட்டி அடுப்பு வேலைக்குப் போட்டிருக்காங்கம்மா. விடியக்காலைல எழுப்பிடுறாங்க. நான் விடியக்காலைல எந்திரிக்கிறேன்னா நீ நம்புவியா? மாவு பிசையறேன். தலையெல்லாம் மாவு. உன்ன மாதிரியே நரச்சுப் போயிட்டேன்னு எல்லாரும் கிண்டல் பண்றாங்க..."

அவள் நெஞ்சு இறங்கியது. டிரைவர் அது ஏறுவதற்காகக் காத்திருந்தார். நர்ஸ் மணிக்கட்டைத் தொட்டாள், பிறகு கழுத்தைத் தொட்டாள், பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். டிரைவர் தலையை ஒரு பொட்டு அசைத்தார். வேண்டாம்.

"... முதல் நாள் போட்ட ரொட்டி கல்லு மாதிரி ஆயிடுச்சும்மா. வார்டர் சார்கூட..." மகன் நிறுத்தினான். "அப்பா. அம்மா தூங்கிட்டாங்களா?"

"ம்."

மகன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தூங்குறா," என்றார் டிரைவர். "நீ பேசு. அவளுக்குக் கேக்கும்."

மகன் பேசினான். குரல் இறங்கிப்போயிருந்தது, குழந்தை தூங்கும் அறையில் பேசுவது போல. ரொட்டி எப்படி உப்பும், அடுப்பில் எந்த மூலையில் சூடு அதிகம், யார் எதைக் கருக்கினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். டிரைவரின் கை மரத்துப்போனது. அவர் அதை எடுக்கவில்லை. நர்ஸ் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கேமராவுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்து நின்றாள்.

வார்டர் குனிந்து அவன் தோளைத் தொட்டார்.

"அப்பா," என்றான் மகன் எழுந்துகொண்டே. "எந்திரிச்சதும் சொல்லுங்க, நான் வந்தேன்னு."

"சொல்றேன்."

"நீங்க சாப்..." என்று ஆரம்பித்தவனை வார்டர் நடத்திக்கொண்டு போனார்.

இணைப்பை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை போலும். வெள்ளைச் சுவரும் காலி நாற்காலியும் திரையில் அப்படியே இருந்தன. கொஞ்சம் பொறுத்து, முறை வந்த வேறொரு கைதி உள்ளே வந்தான். வயதானவன். நாற்காலியை இழுத்துச் சரிசெய்து உட்கார்ந்தான். உள்ளங்கையை எச்சிலால் ஈரமாக்கி, இருந்த நாலு முடியை அழுத்திப் படிய வைத்தான். சட்டைக் காலரை நீவிவிட்டு, தன் வீட்டு ஆள் வருவதற்காகக் கேமராவை நேராகப் பார்த்துப் புன்னகையுடன் காத்திருந்தான்.

மனைவியின் முகத்தைக் கையில் ஏந்தியபடி டிரைவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.